தூணாண்டவர்

அடி அண்ணாமலையைத் தாண்டிக் கிரிவலப் பாதை வளைகிற இடத்தில், ஒரு புளியமரத்துக்கும் சந்திரம்மாளின் கற்பூரக் கடைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குக் கருங்கல் தூண் ஒன்று நின்றது. சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட எழுபத்திரண்டில் நட்டது. உச்சியில் சக்கரம். அதற்குக் கீழே 'தாய்நாட்டுக்காகச் சிறை சென்ற தியாகிகள்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஏழு பெயர்கள். நட்ட அன்று யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து மாலை போட்டாராம். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாக அந்தத் தூணைத் தேடி வந்தவை ஆடுகள்தான். முதுகு அரித்தால் தேய்த்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் அதைவிடத் தோதான கல் கிடையாது. தேர்தல் வந்தால் போஸ்டர் ஒட்டுவார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் ஒட்டினார்கள் என்பதால், நாட்டின் ஒற்றுமைக்கு அது ஏதோ தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாவது பெயர் மு. காசிம் சாயபு. வெல்டிங் பட்டறை சர்தாருக்கு அப்பாவைப் பெற்றவர். நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்துவிட்டு வேலூர் ஜெயிலில் பதினொரு மாதம் இருந்தவர். "உங்க தாதா கம்பி அறுத்தாரு, கம்பி எண்ணினாரு. நீங்க கம்பி ஒட்டறீங்க. இதான் பரம்பரை" என்பாள் சர்தாரின் மனைவி நசீமா. கிண்டல்தான், ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அந்தக் கதையைச் சொல்வதும் அவள்தான்.

தாதாவுக்குப் போட்டோ இல்லை. கபரஸ்தானில் அவர் படுத்திருக்கும் இடத்தில் பெயர் எழுதிய கல்லும் இல்லை. எழுதிவைக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. உலகத்தில் அவர் பெயர் எழுதியிருந்தது அந்தத் தூணில் மட்டும்தான். ஆகஸ்டு பதினைந்துக்கு முந்தின நாள் சர்தார் ஒரு வாளித் தண்ணீரோடும் கம்பி பிரஷ்ஷோடும் போய், போஸ்டர்களைச் சுரண்டிக் கல்லைக் கழுவிவிட்டு வருவார். அவ்வளவுதான் அவருக்கும் தூணுக்கும் இருந்த சம்பந்தம்.

போன வருஷம் அது கொஞ்சம் கூடியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சதஃப் ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"சொதந்திரத்துக்கு உங்க ஆளுங்க யாராச்சும் ஜெயிலுக்குப் போனாங்களான்னு கேக்கறாங்க அப்பா."

"யாரு கேட்டது?"

"எல்லாருந்தான். ஒருத்தி ஆரம்பிச்சா, எல்லாரும் சிரிச்சாங்க."

 சர்தார் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தூணின் முன்னால் நிறுத்தினார். "அஞ்சாவது வரியப் படி" என்றார். படித்தாள். அடுத்த சனிக்கிழமை நான்கு தோழிகளை ஆட்டோவில் கூட்டிவந்து, அவர்களையும் படிக்க வைத்தாள். அதோடு பேச்சு அடங்கியது. கல்லுக்கு அந்தச் சக்தி உண்டு. வாயால் சொன்னால் சிரிப்பார்கள், கல் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கல்லின் மேல்தான் சில மாதங்களில் ரோடு போடுகிறவர்கள் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பாதையை அகலப்படுத்துகிறார்கள். குறி போட்டதெல்லாம் போய்விடும்.

வேங்கிக்கால் பக்கம், நினைவுச் சின்னங்களைப் பராமரிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருப்பதாகச் சொன்னார்கள். சர்தார் மனு எழுதிக்கொண்டு போனார். அங்கே ராஜேந்திரன் என்று ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். மனுவை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டரில் தேடினார்.

"இது எங்க லிஸ்ட்ல இல்லீங்களே."

"கல்லு அங்கதான் சார் இருக்குது."

"கல்லு இருக்கும். லிஸ்ட்ல இல்ல. லிஸ்ட்ல இல்லாததை நாங்க எப்படிங்க பாதுகாக்கறது?"

"லிஸ்ட்ல சேத்துக்கலாமே சார்."

"அதுக்கு நூறு வயசு ஆவணும்." ராஜேந்திரன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "எழுபத்திரண்டுல நட்டதுன்னா இன்னும் நாப்பத்தெட்டு வருஷம் இருக்குது. அப்ப வாங்க."

"அதுக்குள்ள இடிச்சிடுவாங்களே சார்."

ராஜேந்திரன் கல்நெஞ்சக்காரர் அல்ல. நிஜமாகவே யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. இடிச்சப்புறம் ஒரு மனு குடுங்க. அழிஞ்சுபோன சின்னங்களுக்குன்னு தனி ரிஜிஸ்டர் ஒண்ணு வெச்சிருக்கோம். அதுல வயசு கட்டுப்பாடு கெடையாது."

ஏழு மாதத்தில் சர்தார் ஒன்பது மனு கொடுத்தார். ரோட்டுக்காரர்கள் 'எங்களுக்குச் சொந்தமில்லை, அதனால்தான் இடிக்கிறோம்' என்றார்கள். ஊராட்சிக்காரர்கள் 'எங்களுக்குச் சொந்தமில்லை, அதனால் தடுக்க முடியாது' என்றார்கள். தியாகிகள் விஷயத்தில் அரசாங்கம் இவ்வளவு தன்னடக்கத்தோடு இருக்கும் என்று சர்தார் நினைத்ததில்லை.

கடைசியில் வல்லரசுவிடம் போனார். வல்லரசு ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். அதற்கு முன்னால் வேறு கட்சியின் ஒன்றியச் செயலாளர். கேட்டதுமே கொதித்துப்போனார். பத்துப் பேரோடு தூணடிக்கு வந்தார். அதில் முதுகைச் சாய்த்து நின்று, முஷ்டியை உயர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். "இந்தத் தூண் மேல எவனாவது கை வெச்சா, வல்லரசு பொணத்தத் தாண்டித்தான் போவணும்!" கைதட்டினார்கள். பிறகு ஒரு வளைகாப்புக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினார். ரோடு வேலையை எடுத்திருப்பது தன் மச்சான்தான் என்பது அடுத்த வாரம் அவருக்கு ஞாபகம் வந்தது. "வளர்ச்சியும் வேணும் இல்ல பாய்?" என்றார்.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் ஜேசிபி வருகிறது என்று சேதி வந்தது. பௌர்ணமி அன்று மத்தியானம் சர்தார் போய்த் தூணின் எதிரே வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கடையில் கற்பூரம் அடுக்கிக்கொண்டிருந்த சந்திரம்மாள் பார்த்தாள்.

"இன்னா பாய், மூஞ்சி தொங்கிக் கெடக்குது?"

"நாளைக்கு வராங்களாம்க்கா."

"ஏழு மாசமா நீயும் காயிதம் எழுதற. எந்த ஊர்ல இருந்துக்கினு யாருக்குக் காயிதம் எழுதற நீ?" சந்திரம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இந்த மலையச் சுத்திக் கல்லுன்னா ரெண்டே ஜாதி. சாமிக் கல்லு, சும்மா கல்லு. சும்மா கல்லுன்னா ஒடைப்பான். சாமிக் கல்லுன்னா சுத்திக்கினு போவான். ஒரு மொழம் மஞ்சத் துணி, ஒரு கை துண்ணூறு. ஜேசிபி கிட்ட வருமா, கேளு?"

சர்தார் தூணைக் காட்டினார். "அதுல எங்க தாதா பேரு இருக்குதுக்கா."

"இருக்கட்டுமே. நானா அழிக்கப் போறேன்? ரோடு போட்டு முடிக்கட்டும். அப்பால ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கழுவிக்கோ."

அவர் நசீமாவுக்குப் போன் செய்தார். நசீமா, "தாதாவ யாரும் கும்புடக் கூடாதுங்க. அது தப்பு" என்றாள். பிறகு, "இடிச்சாங்கன்னா பேரு போயிடும். கல்லு நின்னாத்தான் பேரு நிக்கும். நீங்க எதையும் தொடாதீங்க. அந்தக்கா செய்யறது அந்தக்கா பாடு" என்றாள்.

சர்தார் எழுந்து திரும்பி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் சந்திரம்மாள் தூணுக்கு மஞ்சள் துணி கட்டி, மூன்று விரலால் பட்டை இழுத்து, குங்குமம் வைத்து, வேப்பிலை ஒரு கொத்துச் செருகி, முதல் கற்பூரத்தை ஏற்றினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கால் மணிக்குள் ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நின்றது. "ஏ தேவுடம்மா?" என்றார் குடும்பத் தலைவர்.

"பவர்ஃபுல் தேவுடு" என்றாள் சந்திரம்மாள்.

மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அவர்கள் சுற்றுவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் சுற்றினார்கள். நிலா ஏறுவதற்குள் லட்சம் பேர் வருகிற பாதையில் அங்கே தனி வரிசை உண்டாகிவிட்டது. விடிந்தபோது தூணில் கல் தெரியவில்லை. புளியமரத்தில் பிள்ளை வரம் கேட்டு நாற்பது தொட்டில் தொங்கியது. தேர்வு எழுதிய பிள்ளைகள் அடிபீடத்தில் ஹால் டிக்கெட் நம்பரைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்.

ஜேசிபிக்காரன் வந்தான். இறங்கினான். செருப்பைக் கழற்றினான். கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஏறி, "வேற ஆளப் பாத்துக்குங்க" என்று போய்விட்டான். வேறு ஆள் வரவில்லை. ஒன்பது மனுவுக்கு அசையாத வரைபடம் இரண்டே நாளில் மாறியது. ரோடு அந்த இடத்தில் பவ்வியமாக ஒதுங்கி வளைந்து போயிற்று. கான்டிராக்டர் மச்சான் தன் செலவில் அன்னதானம் போட்டார்.

தார் காய்ந்ததும் சர்தார் வாளியோடு போனார். அன்று செவ்வாய்க்கிழமை. தூணைச் சுற்றி முப்பது பெண்கள் எலுமிச்சை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாளியைக் கண்டதும் ஒரு பெண், "அபிசேகத்துக்கா பாய்? நல்லாருப்பீங்க, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்த் தூணின் தலையில் ஊற்றிவிட்டு, அதன் மேல் புதிதாக மஞ்சள் பூசினாள். காலி வாளியைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள். சர்தார் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இந்த ஊரில் திருநீறு பூச ஒரு விநாடி போதும், துடைக்க ஒரு ஆயுள் போதாது என்பது அவர் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயமல்ல. நம் வீட்டுக் காரியம் என்று வரும்போது மட்டும் மறந்துபோகிறது.

அடுத்த மாதமே தூணாண்டவர் திருப்பணிக் குழு உண்டாகிவிட்டது. தலைவர் வல்லரசு. உச்சியில் சக்கரம் இருப்பதால் பெருமாளாக இருக்கலாமோ என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். அண்ணாமலையாரின் எல்லைக்குள் வந்து யார் நின்றாலும் திருநீறுதான் என்று வல்லரசு ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார். நேற்றுவரை ஷேர் ஆட்டோ ஓட்டிய முருகையன் பூசாரி ஆனார். சன்னிதிக்கு முன்னால் கடை இருப்பது மரியாதைக் குறைவு என்று குழு தீர்மானம் போட்டுச் சந்திரம்மாளைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

"நான் வெச்ச சாமி பாய்" என்றாள் அவள். "என்னையே தள்ளி நில்லுங்குது."

வல்லரசு பட்டறைக்கே வந்தார். தூணைச் சுற்றி கிரில் வேண்டும். "உங்க கையாலதான் செய்யணும் பாய். மத நல்லிணக்கம். பேப்பர்ல போட சொல்லியிருக்கேன்."

சர்தார் ஒரு கணக்குப் போட்டார். கிரில் இருந்தால் நாலு பேர் தொட்டுப் பூசுவது நிற்கும். "முன்பக்கம் மட்டும் பூசாம விடச் சொல்லுங்க. பேரு தெரியட்டும்" என்றார்.

"தெரியும் பாய். தெரியாம எங்க ஓடிடப் போவுது?"

சர்தார் ஒரு வாரம் ஆசையாக அந்தக் கிரில்லைச் செய்தார். பெயர்கள் இருக்கும் பக்கத்தில் பின்னலே இல்லாமல் வெறும் நேர்க்கம்பியாக விட்டார், வெளியில் நின்று படிப்பதற்கு வாகாக. அவரே மாட்டினார், அவரே பூட்டும் வைத்தார். சாவியை முருகையன் வாங்கிக்கொண்டார். பதினைந்து நாள் கழித்துக் கும்பகோணத்திலிருந்து பித்தளைக் கவசம் வந்து இறங்கியது. பெரிய கண்கள், முறுக்கு மீசை. கீழே 'உபயம்' என்று ஏழு பெயர்கள். முதல் பெயர் வல்லரசு. கவசத்தைக் கல்லோடு சேர்த்து எட்டு போல்ட்டால் முடுக்க வேண்டும். எங்கெங்கே துளை போடுவது என்று கவசம் செய்தவர்களே புள்ளி வைத்து அனுப்பியிருந்தார்கள்.

சர்தார் அளந்து பார்த்தார். ஒரு புள்ளி நேராக ஐந்தாவது வரியில் இறங்கியது. இன்னும் இரண்டு புள்ளிகள் மூன்றாவது வரியிலும் ஏழாவது வரியிலும் இறங்கின.

"என்னால முடியாதுங்க."

"பரவால்ல பாய். செங்கம் ரோட்டுல ஆளு இருக்கான். அரை மணி நேரத்துல போட்டுட்டுப் போயிடுவான்."

போடுவான். எதில் போடுகிறோம் என்று தெரியாமல் போடுவான். சர்தார் டிரில்லை எடுத்துக்கொண்டு போனார். முருகையன் பூட்டைத் திறந்து விட்டார். "வேலை நேரத்துக்கு மட்டும் உள்ள வாங்க பாய், அப்பால வெளியிலயே நின்னுக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க. செல்போன இங்க குடுத்துட்டுப் போங்க. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம், பாத்தீங்க இல்ல?"

ஈரத் துணியால் சர்தார் கல்லைத் துடைத்தார். விரற்கடைக் கனத்துக்கு மஞ்சளும் சந்தனமும் எண்ணெயும் உரிந்து வந்தன. ஏழு பெயர்களும் வெளியே வந்து நின்றன. மற்ற ஆறு பேருக்கும் ஊரில் பேரன் பேத்திகள் இருக்கத்தான் செய்தார்கள். அதில் இரண்டு பேர் திருப்பணிக் குழுவிலேயே இருந்தார்கள். ஒருவர் அப்போது பக்கத்தில் நின்று, "சீக்கிரம் ஆவட்டும் பாய், நல்ல நேரம் முடியப் போவுது" என்றார். அவருடைய பெரிய தாத்தா மூன்றாவது வரியில் இருந்தார்.

கவசம் செய்தவர்கள் வைத்திருந்த புள்ளிகளை எல்லாம் சர்தார் விட்டுவிட்டு, வரிக்கும் வரிக்கும் நடுவே இருந்த ஒரு விரல் இடைவெளிகளில் துளை போட்டார். ஒரு எழுத்தின் கால்கூடப் படவில்லை. அதற்குத் தகுந்தாற்போல் பித்தளையில் புதுத் துளை போட்டுக் கவசத்தை முடுக்கினார். ஆனால் கவசம் கொஞ்சம் சாய்ந்து நின்றது, அதில் ஒரு கண் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. யாரும் குறை சொல்லவில்லை. தூணாண்டவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார், அந்தப் பார்வை பட்டால் கடன் தீர்கிறது என்று அடுத்த பௌர்ணமிக்குள் பேச்சுப் பரவிவிட்டது.

ஜூலையில் சதஃபின் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர் விடுதலை வீரர்' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். மூன்று பக்கம் எழுதினாள். டீச்சர் கீழே 'நன்று. ஆதாரம் இணைக்கவும்' என்று சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார். நல்ல டீச்சர். மற்றவர்களிடமும் கேட்டிருந்தார்.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கக் கூடாதாங்க?" என்றாள் நசீமா.

"அம்பது வருஷமா நிக்கற கல்ல யாரு போட்டோ எடுப்பாங்க? நாளைக்கும் நிக்கும்னுதான நெனப்போம்."

வல்லரசு அன்று எடுத்துக்கொண்ட போட்டோ வாட்ஸ்அப்பில் கிடைத்தது. சதஃப் பெரிதுபடுத்திப் பார்த்தாள். முஷ்டி தெரிந்தது. சக்கரம் தெரிந்தது. முதல் பெயரில் பாதி தெரிந்தது. மற்றதை எல்லாம் வல்லரசுவின் முதுகு மறைத்திருந்தது.

ஆகஸ்டு பதினைந்து வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை தியாகிகள் நினைவுத் தூண்கள் பாதுகாக்கப்படுகின்றன என்று மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்டிருந்தார்கள். கணக்கு வேண்டும் என்றதும் நூறு வயது நிபந்தனை தானாகத் தளர்ந்துவிட்டது. ராஜேந்திரன் ஜீப்பில் வந்து இறங்கினார். தூணுக்குப் பக்கத்தில் கொடி ஏற்றினார்கள். நினைவுச் சின்னத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியதற்காக வல்லரசுவுக்குச் சால்வை போட்டார்கள். "இந்தக் கல்லு பேசும்!" என்று வல்லரசு மைக்கில் முழங்கினார். "நம்ம முன்னோர் சிந்திய ரத்தத்த இந்தக் கல்லு பேசும்!" அந்த முன்னோர் யார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டம் கலைவதற்குள் சர்தார் மகளைக் கூட்டிக்கொண்டு ராஜேந்திரனிடம் போனார்.

"சார், நல்லா இருக்கீங்களா. அந்தத் தூணுதான் சார் இது."

"ஆமா ஆமா, ஞாபகம் இருக்குது. பாத்தீங்களா, எவ்ளோ நல்லா பாதுகாத்து வெச்சிருக்காங்க!"

"கவசத்த ஒரு அஞ்சு நிமிசம் எடுத்தாப் போதும் சார். போல்ட்டு நான் போட்டதுதான், நானே கழட்டி நானே மாட்டிடறேன். பாப்பா ஒரு போட்டோ எடுத்துக்கும். நீங்களும் பேருங்களப் படிச்சு எழுதிக்கலாம்."

ராஜேந்திரன் வல்லரசுவைப் பார்த்தார். வல்லரசு சால்வையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தார். சர்தாரின் தோளில் கை போட்டார். குரலை ஏற்றவே இல்லை.

"சாமி மேல கை வெக்கணும்ங்கறீங்க. நீங்க. யோசிச்சுத்தான் பேசறீங்களா பாய்?"

"அதுக்கில்லீங்க. உள்ள பேரு..."

"நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியும். இதோ நிக்கறாங்களே, இத்தினி பேரு. இவங்களுக்குத் தெரியுமா? பொட்டப் புள்ளய வேற பக்கத்துல வெச்சிக்கினு இருக்கீங்க."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.  அவர்களில் பாதிப் பேரின் வீட்டு ஜன்னலுக்குச் சர்தார்தான் கம்பி போட்டிருந்தார். சந்திரம்மாள் சாக்கடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வந்துடு பாய், நீ வா இப்டி" என்று கையை ஆட்டினாள். சதஃப் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சர்தார் தோளில் இருந்த கை தானாக எடுபடும்வரை நின்றுவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். எதற்காக அதைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ராஜேந்திரன் ஜீப்பின் பானெட்டில் படிவத்தை வைத்து நிரப்பினார். சின்னத்தின் நிலை: மிக நன்று. கல்வெட்டில் பெயர்கள்: உள்ளன. சால்வையோடு வல்லரசு நிற்கிற போட்டோவை அதோடு இணைத்தார்.

 அன்று மத்தியானமே சதஃப் பழைய மூன்று பக்கத்தையும் நோட்டிலிருந்து கிழித்தாள். கடைத் தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், வேறு ஏதோ ஊரில் பிறந்து, வேறு எங்கேயோ ஜெயிலுக்குப் போன ஒருவரைத் தேடி எடுத்தாள். கலர் படம், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் இருந்தது. தலைப்பை மட்டும் 'நான் போற்றும் விடுதலை வீரர்' என்று மாற்றிக்கொண்டாள்.

நோட்டு திரும்பி வந்தபோது பத்துக்குப் பத்து போட்டிருந்தது. பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பட்டறைக்கே கொண்டுவந்து நீட்டினாள். சர்தார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இவரு?"

"தெரியல அப்பா. நெட்ல இருந்தாரு."

கையில் இருந்த கரியைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, அவள் காட்டிய இடத்தில் சர்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.